தண்ணீர் வடிந்த பிறகு காரில் கேட்ட சத்தங்கள்

மழை விட்ட பிறகும் வடியாமல் கிடந்த தண்ணீரில் காரை இறக்க வேண்டியிருந்தது. ஆழம் சக்கரத்தின் நடுமையம் வரை. முதல் கியரிலேயே, வேகம் கூட்டாமல், நடுவில் நிறுத்தாமல் வந்ததால் இன்ஜின் அணையவில்லை. ஆனால் மேட்டில் ஏறியதுமே பல சத்தங்கள் ஒன்றாகக் கேட்க ஆரம்பித்தன. பானட்டுக்குள் ஒரு கீச்சொலி, அடியில் ஏதோ இழுபடும் சத்தம், முன் சக்கரத்தில் தகரத்தைச் சுரண்டும் சத்தம், பிரேக்கை மிதித்தால் பின்னால் கர்ரென்று ஓர் உரசல். சில தானாகவே போய்விட்டன. சிலவற்றைக் கழற்றிப் பார்த்துத்தான் நிறுத்த முடிந்தது. இருப்பதிலேயே மோசமான சத்தம் அன்றைக்குக் கேட்கவே இல்லை. சில வாரம் கழித்துத்தான் வந்தது. அதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டால் பலருக்கு உதவும் என்பதால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைக்கிறேன். கார் பெட்ரோல், முன் சக்கர இழுவை, பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

சத்தங்களுக்குப் போகும் முன் இன்ஜினை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். மேடான இடத்தில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை எடுத்தேன். ஃபில்டர் காகிதம் காய்ந்திருந்தது, பெட்டியின் அடியிலும் ஈரம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. ஏன் இதற்கு முதலிடம் என்றால், ஒரு சின்னக் கணக்கு போதும். 1200 சி.சி., நாலு சிலிண்டர் இன்ஜின் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு) 10:1 என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 33 மி.லி. இரண்டு மேசைக்கரண்டியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். டீசலில் விகிதம் 16:1 என்றால் இடம் 20 மி.லி.க்குச் சுருங்கிவிடும். அதைவிட அதிகமாகத் தண்ணீர் புகுந்துவிட்டால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் அதில் போய் முட்டும்போது வளைவது பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. அதனால் தண்ணீருக்குள் இன்ஜின் அணைந்துபோன காரை அங்கேயே மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளிக் கொண்டுவந்து, ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எரிபொருளும் மின்பொறியும் வராமல் துண்டித்து, அதன் பிறகுதான் இன்ஜினைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ராடு வளைந்துவிட்ட இன்ஜினில் வரும் டக் டக் சத்தம் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து வேகமெடுக்கும்; அதற்கு வீட்டு வேலை எதுவும் கிடையாது. என் காரில் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பார்த்தேன். ஆயில் பால் கலந்த நிறத்தில் இல்லை, அதாவது அதில் தண்ணீர் கலக்கவில்லை. சரி, இன்ஜின் பிழைத்தது.

இனி சத்தங்கள். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை மட்டும் நம்பித் தேடினால் ஏமாந்துபோவோம். காரின் தகரமும் சட்டமும் சத்தத்தை எங்கெங்கோ கடத்திக்கொண்டுபோகும். முன் இடது சக்கரத்தில் உரசுவது வலப்பக்க இருக்கைக்குக் கீழே கேட்கும். சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி. நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதித்தால் மாறுகிறதா? அப்படியானால் இன்ஜின் பக்கம். காலியான நேர்ச்சாலையில் மெதுவாகப் போய்க்கொண்டே நியூட்ரலுக்கு மாற்றிப் பார்க்கலாம் (சாவியைத் தொடக் கூடாது, இன்ஜின் அணைந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும்). அப்போதும் சத்தம் சக்கரத்தின் வேகத்தோடுதான் போகிறது என்றால் சக்கரம், பிரேக், பேரிங் இவற்றில் ஒன்று. அடுத்து பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும்.

சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை சத்தம் போடுகிறதா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். சாதாரண காரின் டயர் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீட்டர். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் மூன்று சுற்றுச் சுற்றும். அந்த வேகத்தில் டிக் டிக் டிக் என்று நொடிக்கு மூன்று தடவை கேட்டால், முதலில் டயர் பள்ளங்களில் கல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பலரும் இதை விட்டுவிட்டு நேராக சஸ்பென்ஷனைச் சந்தேகப்படுகிறார்கள்.

பானட்டுக்குள் கேட்ட கீச்சொலி இன்ஜின் பெல்ட். நனைந்த பெல்ட் புல்லியில் வழுக்குவது சகஜம்தான், கொஞ்ச நேரம் ஓடினால் காய்ந்து சரியாகிவிடும். எனக்கும் அன்றைக்கு நின்றுவிட்டது. ஆனால் மறுநாள் காலையில், ஏசியைப் போட்டதும், மறுபடி கீச்சிட்டது. காய்ந்த பெல்ட் கத்துகிறது என்றால் அது ஈரத்தின் வேலை அல்ல. தண்ணீர் கொண்டுவந்து விட்டுப்போன மணலின் வேலை. இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது, கையையும் சட்டைக் கையையும் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் பள்ளம் உள்ள பக்கத்தில் தெளிப்பானால் கொஞ்சம் தண்ணீர் அடிக்க வேண்டும். சத்தம் ஒரு கணம் அடங்கிப் பிறகு திரும்பினால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. என்னுடையது கூடியது.

இன்ஜினை அணைத்து, பெல்ட் எந்தெந்தப் புல்லி மேல் எப்படி ஓடுகிறது என்று ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரை ஸ்பேனரால் தளர்த்திக் கழற்றினேன். பெல்ட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி மடக்கிப் பார்த்தால் பள்ளங்களில் நுண்மணல் கோடுகோடாக அப்பியிருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரின் புல்லிப் பள்ளங்களிலும் அதே. பெல்ட்டை வெறும் தண்ணீரில் கழுவி, பழைய பல்துலக்கும் பிரஷால் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்துக் காயவைத்தேன். புல்லிகளையும் அப்படியே. எண்ணெய் ஸ்பிரே எதையும் பெல்ட் மேல் அடிக்க வேண்டாம். சத்தம் அப்போதைக்கு அடங்கும், பெல்ட் ரப்பர் கெடும். பெல்ட் கழன்றிருக்கும்போதே ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்ப்பது நல்லது. பேரிங் நன்றாக இருந்தால் வழவழவென்று சத்தமில்லாமல் சுற்றும். தண்ணீர் புகுந்திருந்தால் விரலிலேயே கரகரப்பு தெரியும். எல்லாம் நன்றாக இருந்தன. மாட்டிய பிறகு கீச்சொலி வரவில்லை.

அடியில் இழுபட்டது இன்ஜினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது அதன் முன்விளிம்பில் விழும் அழுத்தம் அதிகம், கிளிப்புகள் பிய்ந்துவிடும். புதுக் கிளிப்புகளும், கிழிந்த துளைகளுக்குப் பெரிய வாஷரும் போட்டதோடு முடிந்தது. இந்தத் தடுப்பு எதற்கு, இல்லாமலே ஓடுமே என்று கழற்றி எறிந்துவிடுபவர்கள் உண்டு. சாலையில் தெறிக்கும் தண்ணீர் பெல்ட் மேல் படாமல் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. சக்கர வளைவின் உள்பக்கப் பிளாஸ்டிக்கையும் அப்போதே பார்த்துவிட்டேன். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்டும் உரசும் சத்தம் வந்தால் காரணம் அநேகமாக அதுதான். டயர் தேய்த்த இடம் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும்.

முன் சக்கரச் சுரண்டல்தான் கேட்க மிகவும் பயமாக இருந்தது. உலோகத்தில் உலோகம் இழுபடும், பல் கூசும் சத்தம். பிரேக்கைத் தொட்டால் பெரிதாக மாற்றமில்லை. இடப்பக்கம் வளைத்தால் ஒரு மாதிரி, வலப்பக்கம் வளைத்தால் வேறு மாதிரி. பின்னோக்கி எடுத்தால் சில சமயம் நின்றேவிடும். இந்த அடையாளங்கள் எல்லாம் ஓர் இடத்தைத்தான் காட்டும்: பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகரத் தடுப்பு. டிஸ்க்குக்கும் அதற்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். தேங்கிய தண்ணீரில் உருண்டுவரும் பொடிக்கல் அதற்குள் விழுந்தால் வெளியே வர வழி கிடைப்பதில்லை.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு மேல் இறக்கினேன். வெறும் ஜாக்கியை நம்பிச் சக்கரத்துக்குள் கை விடவே கூடாது. சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கைக் கையால் சுற்றியபோது அதே சத்தம், இந்தத் தடவை கையெட்டும் தூரத்தில். டார்ச்சை அடித்துப் பார்த்தால், தகரத்தின் கீழ்வளைவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கல். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை இடைவெளியில் விட்டு, டிஸ்க்கைப் பின்னோக்கிச் சுற்றியதும் அதுவாகவே கீழே விழுந்தது. கல்லின் ஒரு முகம் மட்டும் தேய்ந்து தட்டையாகி, இரும்புப் பொடி ஏறிக் கறுத்து மின்னியது. டிஸ்க்கின் உள்முகத்தில், பிரேக் பேடு படாத ஓரத்தில், முடியளவில் ஒரு வட்டக் கோடு. நகத்தை அதன் குறுக்கே இழுத்துப் பார்த்தேன், நகம் மாட்டவில்லை. ஆழமான பள்ளம் என்றால் நகம் தடுக்கும். தகரம் கொஞ்சம் உள்ளே வளைந்திருந்ததை விரலால் இழுத்து நேராக்கினேன். இந்தச் சத்தத்துக்கு டிஸ்க்கும் பேடும் மாற்றச் சொல்லும் இடங்கள் உண்டு. மாற்றும் முன் இந்தத் தகரத்துக்குள் ஒரு டார்ச் வெளிச்சம் விழட்டும். சக்கரம் கழன்றிருக்கும்போதே ஆக்சில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையையும் விரலால் தடவிப் பார்த்தேன். அது கிழிந்து தண்ணீர் புகுந்திருந்தால் கிரீஸ் கழுவிப்போய், இறுக்கமாகத் திரும்பும்போது கடக் கடக் என்று ஜாயின்ட் அடிக்க ஆரம்பிக்கும். கிழிசல் இல்லை.

பின்னால் கேட்ட பிரேக் உரசலைப் பற்றி ஒரு விஷயம். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து ஓட்டினால் முன் டிஸ்க்குகள் காய்ந்துவிடும். மறுநாள் காலையில் அவற்றில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு படிந்திருக்கும், முதல் சில பிரேக்கில் அது தேய்ந்துபோய்ச் சத்தமும் நின்றுவிடும். டிரம் அப்படியில்லை. மூடிய கிண்ணம் அது. தண்ணீர் வெளியேறினாலும் சேறு உள்ளேயே தங்கிவிடும். நனைந்த டிரம்மில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவைத்து இரவு முழுதும் விட்டால் டிரம்மின் உள்சுவரில் உரசி நிறுத்தும் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். அதனால் அன்றிரவு ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். ஓட்ட ஓட்ட முன் சத்தம் போய்விட்டது, பின் உரசல் போகவில்லை. டிரம்களைத் திறக்க முடிவு செய்தேன்.

என் காரில் டிரம், சக்கரத்தை மாட்டும் நடுத்துண்டான ஹப்பிலிருந்து தனியாகக் கழன்றுவரும் வகை. அதன் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். பொருத்தமான போல்ட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் டிரம் தானாகவே வெளியே தள்ளப்படும், சுத்தியலால் அடிக்கத் தேவையில்லை. உள்ளே பிரேக் தூளும் சேறும் குழைந்து, கீழ்ப்பகுதியில் களிம்பாகப் படிந்திருந்தது. அதைக் காற்றடித்து ஊதக் கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலமும் உண்டு. பிரேக் கிளீனரால் நனைத்து, துணியால் ஒற்றி எடுத்தேன். ஷூ தேய்ந்து நகரும் பின்தட்டின் மேடுகளில், ஷூவைச் சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிரேக்குக்கான கிரீஸைப் பொட்டுப் பொட்டாக வைத்தேன். ஷூவின் உரசும் பரப்பான லைனிங்கில் ஒரு துளி படக் கூடாது. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பார்த்ததில் கசிவு இல்லை. மாட்டிய பின் உரசல் போனது.

இன்னொன்று, சின்னது. பிரேக் போடும்போதெல்லாம் கதவுக்குக் கீழே சலக் சலக் என்று தண்ணீர் அலையும் சத்தம். பக்கவாட்டுச் சட்டத்தின் அடியில் வடிகால் துளைகள் இருக்கின்றன, சேறு அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்குரூடிரைவரால் குத்தினால் பெயின்ட் பெயர்ந்து துரு பிடிக்கும் என்பதால் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டையின் நுனியால் குத்திவிட்டேன். தண்ணீர் கணிசமாகவே கொட்டியது.

இத்தனையும் முடிந்து கார் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. சில வாரம் கழித்து, 50 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓர் உறுமல். முதலில் சாலைச் சத்தமோ என்று தோன்றும் அளவுக்கு மெல்லியது. டயர் சத்தம் சாலையின் தளம் மாறினால் மாறும்; இது எந்தச் சாலையிலும் ஒன்றாகவே இருந்தது. நியூட்ரலிலும் போகவில்லை. நீண்ட வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது கூடியது, வலப்பக்கம் திரும்பும்போது அடங்கியது. இடப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். ஆக, வலது வீல் பேரிங்.

தண்ணீருக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஓடிவந்த காரின் ஹப் சூடாக இருக்கும், முந்தைய பிரேக்குகளின் சூடும் அதில் ஏறியிருக்கும். அது திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது பேரிங்குக்குள் இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலிருப்பதை, பேரிங்கை மூடும் ரப்பர் வளையமான சீலின் உதட்டு வழியாக உள்ளே உறிஞ்சும். வெளியில் இருப்பதோ சேற்றுத் தண்ணீர். சீல் புதிதாக இருந்தால் தாக்குப்பிடிக்கும், கொஞ்சம் தேய்ந்திருந்தால் சில துளிகள் போய்விடும். அந்தச் சில துளிகள் உடனே சத்தம் தருவதில்லை. கிரீஸோடு கலந்து, அதன் வழவழப்பைக் கெடுத்து, குண்டுகள் உருளும் பாதையில் துருப்புள்ளி வைக்கும். அந்தப் புள்ளிகள் பொறிந்து பள்ளமாகும்போதுதான் உறுமல் ஆரம்பிக்கும். இதனால்தான் பலர் இதைத் தண்ணீரோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

உறுதி செய்துகொள்ள சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தேன். வலப்பக்கம் ஸ்பிரிங்கில் நடுக்கம் தெளிவாகத் தெரிந்தது, இடப்பக்கம் எதுவுமில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியதில் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாததால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உறுமல் முதலில் வரும், ஆட்டம் பிறகுதான் வரும்.

முன் பேரிங் என் காரில் அழுத்திப் பொருத்தும் வகை, அழுத்தும் இயந்திரமான பிரஸ் இல்லாமல் மாற்ற முடியாது. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்தி, பிறகு தூக்கி, டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியால் தொங்கவிட்டேன். பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஓஸில் தொங்கினால் ஓஸ் கெடும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாரை விடுவித்து, குண்டு மூட்டுகளான பால் ஜாயின்ட்டுகளைப் பிரித்து, பேரிங்கும் ஹப்பும் உட்கார்ந்திருக்கும் நக்கிளை முழுதாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பிரஸ்காரர் ஹப்பைத் தள்ளியதும் பேரிங்கின் உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, குண்டுகள் வெளியே தெரிந்தன. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காபிப்பொடி நிறத்தில் ஒரு குழம்பு. வளையத்தைத் துடைத்துவிட்டு விரல் நுனியை ஓட்டியதில், குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாக ஒத்துப்போகும் தூரத்தில் வரிசையாகத் துருக்கறைகள். கார் நிற்கும்போது ஒவ்வொரு குண்டும் எந்த இடத்தில் தண்ணீரைப் பிடித்துவைத்திருந்தது என்று அதிலேயே படித்துவிடலாம்.

புது பேரிங்கை அழுத்தும் முன் அவர் அதைத் திருப்பிக் காட்டி, “சார், இந்தக் கறுப்பு முகம் சென்சார் பக்கம்தானே வரணும்? ஒருதடவை பாத்துச் சொல்லிடுங்க” என்றார். கேட்டதே பெரிய உதவி. கறுப்பு முகத்தில்தான் ஏபிஎஸ் சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கிறது. திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி பிரித்தால் புது பேரிங்கும் பாழ். அழுத்தும்போதும் எந்த வளையம் உட்காருகிறதோ அந்த வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். நக்கிளுக்குள் போகும்போது வெளிவளையம், ஹப் ஏறும்போது உள்வளையத்துக்கு அடியில் தாங்கல். குண்டுகள் வழியாக அழுத்தம் போனால் ஓடும் முன்பே பாதை பதிந்துவிடும்.

வீட்டில் எல்லாவற்றையும் திருப்பி மாட்டினேன். ஆக்சில் நட்டு புதியது, இறுக்கம் காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில். அந்த இறுக்கம்தான் பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது, அதனால் நட்டை முழுதாக இறுக்கும் முன் காரை ஓர் அடிகூட உருட்டக் கூடாது. உறுமல் முழுதாகப் போய்விட்டது. ஏபிஎஸ் விளக்கும் வரவில்லை.

இடப்பக்க பேரிங்கை மாற்றவில்லை. ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்ததில் நடுக்கம் இல்லாதபோது நல்ல பேரிங்கைப் பிரஸ்ஸில் தள்ளிக் கெடுப்பதற்கு எனக்கு மனமில்லை. ஆனால் அதுவும் அதே தண்ணீரில் மூழ்கியதுதான். டயர்களை இடம் மாற்றக் காரைத் தூக்கும்போதெல்லாம் அந்த ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்ப்பதாக இருக்கிறேன். கியர்பாக்ஸின் காற்றுக்குழாய் வழியாகவும் இப்படித்தான் தண்ணீர் உறிஞ்சப்படும் என்பதால் அதன் ஆயிலையும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன். நிறம் மாறவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.